உமது பெயரில் எழுதிய பதில்கள்

ஓம், நான்தான். அத்தனை பேருக்கும் உமது பெயரில் பதில் எழுதியது நான்தான். முற்றுப்புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளி வைக்கும் உமது பழக்கத்தைக்கூட விடாமல் எழுதினேன்.

இன்று காலை, தொலைபேசியும் இணையமும் உள்ள அந்தக் கொமியூனிகேசன் கடைக்குப் போனபோது மின்சாரம் இல்லை. கடைக்கார அண்ணை ஜெனரேட்டரைப் போட்டிருந்தார். மண்ணெண்ணெய்ப் புகையும், சூடேறும் திரையிலிருந்து எழும் தூசி மணமும் கலந்து வந்தன. உம்மை நினைப்பதற்கு நான் எந்த ஏற்பாடும் செய்வதில்லை. இந்த மணம் வந்தால் போதும். நீர் வழக்கமாக இருக்கும் மூன்றாவது கதிரை. சுவரோடு ஒட்டியது. வாசலைப் பார்த்தபடி இருக்கக்கூடிய ஒரே கதிரை.

அஞ்சல்பெட்டியில் ஒரே ஒரு கடிதம். சல்லி ஐயா. நம்முடைய மென்பொருளை வாங்கிய நாலாவது ஆள். திருகோணமலையின் சல்லிக் கரையில் பிறந்து, இப்போது ஒரு பனி நாட்டில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிறவர்.

“தம்பி, மகனோட வந்து இருக்கிறன். அதே நாடுதான், ஆனா பழைய ஊருக்கும் இதுக்கும் மூண்டு மணித்தியாலம் வித்தியாசம். உம்மட சாமான் பூட்டிக்கொண்டிட்டுது. புதுத் திறப்பு ஒண்டு தாரும். இன்னொண்டு. ரெண்டு வருசமா எழுதுறம். உம்மட குரலை ஒருக்காக் கேக்க வேணும். நம்பர் தாரும், ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறன்.”

இன்று வியாழன்.

மென்பொருளின் பூட்டைத் திறக்கும் இலக்கம்தான் திறப்பு, அது பெரிய விடயமில்லை. ஒரு நிமிட வேலை. ஆனால் நம்பரைக் கொடுத்தால் ஞாயிறன்று அவருக்குக் கேட்கப்போவது என் குரல், ஒரு பெண்ணின் குரல். கொடுக்காவிட்டால் ஏன் என்று எழுத வேண்டும். நீர் இல்லாமல் போய் ஒன்றரை வருடத்துக்கு மேலாகிறது. அவருக்கு வந்த கடிதங்களில் உமது கையால் எழுதியவை மூன்று. மற்ற எல்லாம் என்னுடையவை. அவர் குரல் கேட்க விரும்புகிற தம்பி யார் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

*

நாம் செய்தது பெரிய மென்பொருள் ஒன்றுமல்ல. தமிழ்ப் பெயர்களை அகர வரிசையில் அடுக்கி, பட்டியலாக அச்சடித்துத் தரும். அவ்வளவுதான். கச்சேரி அலுவலகத்தில் நீர் தட்டச்சு செய்த நிவாரணப் பட்டியல்கள் அந்த நாளைய எழுத்துருக்களில் ஏறுமாறாக விழும். கௌரிக்குப் பின்னால் கணபதி. வள்ளிக்குப் பின்னால் மறுபடியும் ஒரு அருளம்மா. ஒரு தாய் வந்து தன் பெயர் இல்லை என்று அழுதா. பெயர் இருந்தது, பதினோராம் பக்கத்தில், இருக்கக் கூடாத இடத்தில். அன்று பின்னேரம் என் கணினி வகுப்பு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நீர் கேட்டீர்:

“கம்பஸில படிச்சதெல்லாம் எதுக்கு? அடுக்கிற வேலையை நீர் எழுதும். மிச்சத்தை நான் எழுதுறன்.”

அடுக்கும் பகுதியும் திரைகளும் என்னுடையவை. பூட்டு உம்முடையது.

முதலில் மாதிரிப் பட்டியலுக்கு என் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களைப் போட்டிருந்தோம். கொமியூனிகேசனில் அதைத் திறந்து வைத்திருந்த ஒரு காலையில் சோதனைக்கு இரண்டு படையினர் உள்ளே வந்தார்கள். ஒருவர் துவக்கின் முனையால் திரையைக் காட்டினார்.

“இவங்க யாரு? எங்க இருக்கு?”

“படிக்கிற பிள்ளையள், சேர்.”

“ஏன் லிஸ்ட்?”

அடுக்கிப் பார்க்கிறோம் என்று துவக்குக்காரரிடம் எப்படிச் சொல்வது. அவர் உமது அடையாள அட்டையை வாங்கி இலக்கத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார். அவர்கள் வீதியின் வளைவைத் தாண்டும்வரை நீர் விரல்களை விசைப்பலகையிலிருந்து எடுக்கவில்லை. பிறகு ஒவ்வொரு பெயராக அழித்தீர்.

“மீன் போடுவம்” என்றீர். “மீனுக்கு ஐடென்டிகாட் இல்லை.”

அறக்குளா, ஓரா, கீரி, சூடை, திருக்கை, பாரை, முரல், விளை. அதற்குப் பிறகு அந்தப் பட்டியல் மாறவேயில்லை.

*

இணையச் சந்தையைக் கண்டுபிடித்தது நீர். எங்கேயோ இருக்கும் ஒரு தளம். மேசைக் கணினிகளுக்கான மென்பொருள்களைக் கடைத் தட்டுகளில்போல் வகை பிரித்து வைத்திருக்கும். செய்தவர்கள் ஏற்றலாம். வேண்டியவர்கள் இறக்கலாம். முப்பது நாள் பாவித்துப் பார்த்துப் பிடித்தால் அங்கேயே வாங்கலாம். வாங்கியவரின் மின்னஞ்சல் நமக்கு வரும். நாம் திறப்பு அனுப்ப வேண்டும். மற்றவர்களுக்கு அது தானாகவே நடந்தது. நாம் மட்டும் ஒவ்வொன்றையும் கையால் செய்து அனுப்பினோம்.

படிவத்தில் ஆக்கியவரின் பெயருக்கு ஒரு கட்டம்தான் இருந்தது. ஒரு பெயருக்குத்தான் இடம்.

“உம்மட பேரைப் போடும்” என்றேன். “என்ர பேரைப் போட்டா வீட்டில ஆயிரம் கேள்வி.”

“பிறகு சண்டைக்கு வரக்கூடாது.”

“வரமாட்டன்.”

சித்திரையில் நகரத்து மரக்கறிச் சந்தை எரிந்த பிறகு ஊர் அரைவாசிதான் திறந்திருந்தது. வைகாசியில் ஏற்றினோம். மூன்று மெகாபைட். தொலைபேசிக் கம்பி வழியாக. முதல் முறை முக்கால்வாசியில் இணைப்பு அறுந்தது. இரண்டாம் முறை மின்சாரம் போனது. துறைமுகப் பக்கம் ஏதோ வெடித்ததால் மூன்றாம் நாள் தொலைபேசியே இல்லை. நாலாம் முறை அந்த நீலக் கோடு ஊர்ந்து போவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைக்கார அண்ணை, யாரும் தொலைபேசியைத் தொடாமல் இருக்க, அதன் மேல் தன் துவாயைப் போட்டு மூடியிருந்தார்.

“பிள்ளைப்பேறு பாக்கிற மாதிரி நிக்கிறியள்” என்றார். “போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ.”

“போனா நிண்டிடும், அண்ணை.”

“பாத்துக்கொண்டிருந்தா மட்டும் ஓடுமோ?”

ஓடியது. ஏற்றம் முடிந்தது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. நீர் கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்து வாசலுக்குப் போய், மணல் மூட்டைகளைப் பார்த்தபடி நின்றீர்.

“பாஸ் ஒண்டும் காட்டாமல் போயிட்டுது” என்றீர்.

அந்த நாளில் நமக்கு மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகில் ஏறவே மூன்று இடத்தில் அட்டை காட்ட வேண்டும். நமது கடலில் மீனவருக்கு நேரம் குறித்துக் கொடுத்திருந்தார்கள், அதுவும் சில நாளில் இல்லை. கொழும்புக்குப் போக நினைப்பதே ஒரு குற்றம்போல. அந்த மூன்று மெகாபைட் மட்டும் போய்விட்டது. நான் சந்தோசப்பட்டேனா என்று நினைவில்லை. பொறாமைப்பட்டது நினைவிருக்கிறது.

*

பூட்டைப் பற்றி நாம் போட்ட சண்டை.

நான் வேண்டாம் என்றேன். சின்னச் சாமான், சும்மா விடுவோம் என்றேன். நீர் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஆட்கள் நாடு நாடாகச் சிதறிக் கிடக்கிறார்கள், ஒருவர் வாங்கி ஒன்பது மச்சான்மாருக்கு அனுப்புவார் என்றீர். அதனால் திறப்பை ஊரின் நேரத்தோடு கட்டினீர். உலகப் பொது நேரத்துக்கும் வாங்கியவரின் கணினி நேரத்துக்கும் எத்தனை மணி வித்தியாசமோ, அது திறப்புக்குள் இருக்கும். சிடியை வேறு நாட்டுக்கு அனுப்பினால் அங்கே திறக்காது.

அதிலும் அரை மணி விட்டுக்கொடுத்தீர். அரை மணி முன்பின் இருந்தால் பூட்டு கண்டுகொள்ளாது. அதற்கு ‘மன்னிப்பு’ என்று நீர் பெயர் வைத்திருந்தீர். ஏன் அரை மணி என்று நான் கேட்கவில்லை. இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். பத்து வருடமாக நகரத்தில் ஒரு நேரம், சோதனைச் சாவடிக்கு அங்கால், இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த உமது ஊரான ஈச்சிலம்பற்றில் ஒரு நேரம். அரை மணி பின்னால். வீட்டுக்குப் போகும்போது மணிக்கூட்டைத் திருப்பிவிட்டுப் போய், வரும்போது திருப்பிக்கொண்டு வருவீர். அந்தச் சித்திரையில் அரசாங்கமும் நேரத்தை அரை மணி பின்னால் தள்ளியது. பரீட்சார்த்தமாகக் கொடுத்திருந்த நமது சிடிகளில் ஒன்றுகூடப் பூட்டவில்லை.

“பாத்தீரே!” என்று மேசையில் தட்டினீர். “நேரம் மாறினா அரை மணிதான் மாறும்.”

அதை நானும் நம்பினேன்.

“ஆனாலும் உமக்கு விசர்” என்றேன். “சும்மா குடுத்தா ஆயிரம் பேர் பாவிப்பினம்.”

“பாவிப்பினம். ஒருத்தரும் எழுதமாட்டினம்.”

“எழுதாட்டி என்ன?”

நீர் கதிரையை என் பக்கம் திருப்பினீர்.

“திறப்பு வேணுமெண்டா எழுதித்தானே ஆக வேணும். நாங்கள் இங்க இருக்கிறம் எண்டு அப்பிடியாவது நாலு பேருக்குத் தெரியட்டும்.”

பூட்டோடேயே ஏற்றினோம். ஒவ்வொரு திறப்போடும் நீர் ஒரு கேள்வி அனுப்பினீர். உங்கள் யன்னலால் பார்த்தால் என்ன தெரிகிறது? ஒருவர் வாகனத் தரிப்பிடம் என்றார். ஒருவர் ஆறு, ஆனால் உறைந்திருக்கும் என்றார். சல்லி ஐயா முதல் கடிதத்திலேயே உம்மைப் பிடித்து உலுப்பினார்: “தம்பி, யன்னலை விடும். மீன் பட்டியலில கும்பிளாவை விட்டிட்டீர். நீரெல்லாம் திருகோணமலையோ?” அதை நீர் கடை முழுக்க வாசித்துக் காட்டினீர். அண்ணை இரண்டு கிழமைக்கு உம்மைக் ‘கும்பிளா’ என்றுதான் கூப்பிட்டார்.

*

ஆடி. உமது அம்மாவுக்கு நடக்க ஏலாது என்று ஊரிலிருந்து செய்தி வந்தது. மூன்று நாளில் வருவேன் என்று லோஞ்ச் ஏறினீர். பென்டிரைவ் சட்டைப் பையில் இருந்தது. பூட்டின் மூலநிரல் அதில் மட்டும்தான் இருந்தது.

லோஞ்ச் நின்றது. பாதை மூடியது. பிறகு குண்டுச் சத்தம். குடாவுக்கு அந்தப் பக்கம் புகை எழுவது நமது கடற்கரையிலிருந்து தெரிந்தது. ஆட்கள் நின்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பார்க்க முடிகிற தூரத்தில்தான் இருந்தீர்.

ஐப்பசிக் கடைசியில், ஒக்டோபர் முடிவில், ஒரு ஞாயிறு. திங்கள் காலை அஞ்சல்பெட்டியில் பதினேழு கடிதங்கள். எல்லோருக்கும் பூட்டிவிட்டது. எல்லா நாட்டிலும். ஒரே நாளில். வாங்கியவர்களில் ஒருவர்கூடத் தப்பவில்லை. இணையச் சந்தைக்காரர்களிடமிருந்து தனியே ஒரு கடிதம்: முறைப்பாடுகளைத் தீர்க்காவிட்டால் அடுத்த மாத முடிவில் பொருளைத் தட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

என்ன பிழை என்று எனக்கு விளங்கவில்லை. பூட்டை முழுதாகக் கழற்றிவிட்டு ஏற்றியிருக்கலாம். ஒரு நாள் வேலை. ஏற்றவில்லை. உம்மைக் கேட்காமல் உமது பகுதியில் கைவைக்க மனம் வரவில்லை. அல்லது கேட்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது என்று நினைத்தேனோ. நிவாரண லொறிச் சாரதி ஒருவரிடம் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தேன். ‘வெளிநாட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் பூட்டு விழுந்திட்டுது. ஏன்?’ நீர் சுகமா என்று அதில் கேட்கவில்லை. சோதனையில் வாசிப்பார்கள் என்று பயம். அப்படித்தான் இன்றுவரை எனக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

கார்த்திகையில் ஒரு பெண் என்னைத் தேடி வகுப்புக்கு வந்தா. காய்ச்சல் பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவர அனுமதி கிடைத்தவ. பிள்ளையின் கிளினிக் கொப்பிக்குள் மடித்த இரண்டு தாள். பென்சில் எழுத்து.

“செக்பொயின்ரில கேட்டவங்கள். கணக்குப் பாடம் எண்டு சொன்னனான்” என்றா.

பூட்டு முழுவதையும் நினைவிலிருந்து எழுதியிருந்தீர். மின்சாரமில்லாத ஊரில், கணினியில்லாமல், ஒரு இடம்கூடப் பிழைக்காமல். மன்னிப்பு அரை மணியிலிருந்து ஒரு மணியாக மாறியிருந்தது. கீழே இரண்டு புள்ளிகளோடு சில வரிகள்:

‘குளிர் நாடுகளில ஐப்பசிக் கடைசியில மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவினமாம்.. இங்க ஒரு அம்மா சொன்னா.. மகன் ஏழு மணிக்கு எடுக்கிற கோல் மழை தொடங்கினா எட்டு மணிக்குத்தான் வருமாம்.. மூதூர்க் கடையில ஒவ்வொரு வருசமும் ஒரு மணித்தியாலம் காத்திருந்தவவாம்.. நாங்கள் ரெண்டு பேரும் படிச்ச ஆக்கள்.. நான் வருமட்டும் என்ர பேரிலயே பதில் எழுதும்.. ஒருத்தரையும் பதில் இல்லாம விட வேண்டாம்..’

அந்தப் பெண்ணிடம் கேட்டேன், உம்மைக் கடைசியாக எங்கே பார்த்தா என்று.

“வெளியில போறதுக்குப் பாஸ் எழுதுற இடத்தில. நாங்கள் வரிசையில. தம்பி ஒரு மரத்துக்குக் கீழ இருந்து இதை எழுதிக்கொண்டிருந்தார். பிள்ளைக்குத் துணையெண்டு சொல்லி நீங்களும் வாங்கோவன் எண்டு கேட்டனான். அம்மாவைத் தூக்கிக்கொண்டு வரிசையில நிக்க ஏலாது அக்கா எண்டு சிரிச்சார்.”

அன்று பின்னேரமே தட்டச்சு செய்தேன். மூன்று நாளில் ஏற்றினேன். பதினேழு பேருக்கும் உமது பெயரில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். தட்டிலிருந்து எடுக்கவில்லை.

மாசியில் உமது தங்கச்சி மட்டக்களப்பு முகாமிலிருந்து அழைத்தா. வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

“அக்கா, அண்ணா இல்லை. வெருகல் ஆறு தாண்டி நடந்து வரேக்க ஷெல். அம்மாவும் அண்ணாவும் ஒண்டா. மார்கழியில.”

மார்கழி. அந்த மாதம் முழுவதும் நான் உமது பெயரில் எழுதிக்கொண்டிருந்தேன். மழை பிடித்துவிட்டது என்று எழுதினேன். சுகமாக இருக்கிறேன் என்று எழுதினேன்.

*

வருமட்டும் என்றீர். வராவிட்டால் எதுவரை என்று சொல்லவில்லை.

அதனால் தொடர்ந்தேன். காலையில் வகுப்பு, பின்னேரம் வகுப்பு, இடையில் நீர். உமது வயது, உமது பகிடி, உமது புள்ளிகள். கடைக்கு அழைப்பு வந்து உம்மைக் கேட்டால் “வெளியில போயிட்டார்” என்று அண்ணை சொல்வார். அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் அதைக் கதைத்ததில்லை. படலைக்கு வெளியே போனால் சாவடி. வீட்டுக்குள் இருந்தால் அம்மா, கலியாணப் பேச்சு. அஞ்சல்பெட்டியைத் திறந்தால் அங்கேயும் நான் இல்லை.

சில நாள் உம்மீது கோபம் வரும். இரண்டு தாளில் எனக்கென்று ஒரு வரி இல்லை. உமது பூட்டுக்குள் வாங்கியவர்கள் மட்டுமா மாட்டினார்கள்.

ஆனால் யன்னல் கேள்வியை நான் விடவில்லை. அது உமது கட்டளையில் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு திறப்போடும் கேட்டேன். இப்போது என்னிடம் நாற்பது யன்னல்கள் இருக்கின்றன. உறைந்த ஆறு, ரயில் பாதை, பக்கத்து வீட்டு நாய், ஒரு சுவர். வகுப்பில் புதிதாக வரும் பிள்ளைகளிடமும் முதலில் அதைத்தான் கேட்கிறேன். ஒரு பிள்ளை சொன்னது: “ஆமி சென்ரி தெரியுது மிஸ். ஆனா அதுக்குப் பின்னால கடல்.” உம்மிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கேள்விதான். பூட்டு அல்ல.

பூட்டை எடுத்துவிட்டால் இனி யாரும் எழுதமாட்டார்கள். நீர் சொன்னது சரி. எடுக்காவிட்டால் வீடு மாறுகிற ஒவ்வொருவரும் உம்மைத் தேடி எழுதுவார்கள், நான் உமது பெயரில் சுகமாக இருப்பேன், எனக்கு ஐம்பது வயதாகும்வரை. சல்லி ஐயாவுக்குப் பொய்க்காரணம் மூன்று எழுதிப் பார்த்தேன். தொலைபேசி பழுது. தொண்டை நோ. கொழும்புக்குப் போகிறேன். கடைசியை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.

பத்து மணிக்கு மின்சாரம் வந்தது. ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். கடை அமைதியாகிவிட்டது.

உமது இரண்டு தாளிலிருந்த பகுதியை மென்பொருளிலிருந்து கழற்றினேன். மீன் பட்டியலில் கும்பிளாவைச் சேர்த்தேன். கீரிக்குப் பின்னால், சூடைக்கு முன்னால், தானாகவே போய் நின்றது. இணையச் சந்தையில் ஏற்றினேன். இப்போதெல்லாம் பன்னிரண்டு நிமிடம்தான். ஆக்கியவரின் பெயர்க் கட்டத்தில் உமது பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் எழுதினேன். கட்டம் ஏற்றுக்கொண்டது. ஒரு பெயர்தான் போகும் என்று நினைத்து நாம் அன்று முயன்றுகூடப் பார்க்கவில்லை.

பிறகு சல்லி ஐயாவுக்கு எழுதினேன். ஒரு வசனத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி. தம்பி மூன்று கடிதம் எழுதினார், மற்றவை நான் எழுதியவை, ஏமாற்றியதற்கு மன்னிக்க வேண்டும், இனித் திறப்புத் தேவையில்லை, பேச விருப்பமிருந்தால் கடை நம்பர் இது. என் பெயரைக் கீழே போட்டேன். அனுப்பினேன்.

எழுந்து போகும்போது அண்ணையிடம் சொன்னேன்:

“ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டுக் கோல் ஒண்டு வரலாம், அண்ணை. வெளியில போயிட்டார் எண்டு சொல்ல வேண்டாம்.”

அவர் கணக்குக் கொப்பியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“அப்ப என்னெண்டு சொல்ல, பிள்ளை?”

“செத்துப்போட்டார் எண்டு சொல்லுங்கோ. என்னைக் கூப்பிடுங்கோ.”

அவர் ஓம் என்றார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பதினொரு மணி வகுப்புக்குப் போனேன்.